சாக்லேட் மேல் ஏன் இத்தனை ஏக்கம், அது அடிமையாக்குமா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது, வயிறும் நிறைந்திருக்கிறது. ஆனாலும் கால்கள் தாமாகவே குளிர்சாதனப் பெட்டியை நோக்கி நடக்கின்றன. முட்டைத் தட்டுக்குப் பின்னால், பிள்ளைகள் கண்ணில் படாதபடி வெள்ளித்தாளைச் சுருட்டி மடித்து வைத்த பாதிச் சாக்லேட் அங்கே இருப்பது நினைவுக்கு வந்துவிட்டது. ஒரு கட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று எடுத்தவர் வெறும் தாளைக் கசக்கிக் குப்பைத் தொட்டியின் அடியில் ஒளித்து வைக்கிறார். மறுநாள் காலையில், தமக்குச் சாக்லேட் பைத்தியம் பிடித்துவிட்டதோ, அதில் ஏதாவது போதைப் பொருள் கலந்திருக்கிறதோ என்று அவருக்கு ஐயம் வருகிறது. கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட மறுநாள் காலைகளில் எழுபவை.

சாக்லேட் என்று இங்கே எதைக் குறிப்பிடுகிறீர்கள்?

இதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் பிறந்தநாளன்று வகுப்பில் நீட்டப்படும் ஆரஞ்சு மிட்டாயும், மளிகைக் கடையில் சில்லறைக்குப் பதிலாகக் கையில் திணிக்கப்படும் டாஃபியும்கூட ‘சாக்லேட்’தான். இங்கே பேசப்படுவது கோக்கோ விதையிலிருந்து செய்யப்படும் சாக்லேட்டைப் பற்றி மட்டுமே. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராக நிற்கும் அதே கோக்கோ மரத்தின் விதையைப் புளிக்க வைத்து, உலர்த்தி, வறுத்து அரைத்தால் கசப்பும் நெய்ப்பும் கலந்த ஒரு விழுது கிடைக்கிறது. அதிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுத்தால் அது கோக்கோ வெண்ணெய். எஞ்சும் சக்கையை இடித்தால் கோக்கோ தூள்.

கறுப்புச் சாக்லேட்டில் இவை இரண்டும் சர்க்கரையும் இருக்கும். பால் சாக்லேட்டில் இவற்றோடு பால் திடப்பொருளும் சேரும். வெள்ளைச் சாக்லேட்டில் கோக்கோ வெண்ணெய், பால், சர்க்கரை மட்டுமே உண்டு. கோக்கோ தூள் இல்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் முக்கியமான சோதனை ஒன்று இதை நம்பியே நிற்கிறது.

பசிக்கும் ஏக்கத்துக்கும் என்ன வேறுபாடு?

பசித்தவருக்குப் பழைய சோறும் ஊறுகாயும் போதும். ஏக்கம் அப்படி அடங்குவதில்லை. அதற்குக் குறிப்பிட்ட பொருள்தான் வேண்டும், வேறெதைக் கொடுத்தாலும் வாய் நமநமவென்றே இருக்கும். வயிறு முட்டச் சாப்பிட்ட பின்னும் ஏக்கம் வரக்கூடும் என்பதால், உடலின் ஆற்றல் தேவையை மட்டும் வைத்து அதை விளக்கிவிட முடியாது.

ஆங்கிலத்தில் இந்த நிலைக்கென்றே ஒரு தனிச்சொல் புழக்கத்தில் உண்டு. ஆனால் உலக மொழிகள் பலவற்றில் அதற்கு நேரான சொல் இல்லை என்று ஜூலியா ஹோர்ம்ஸ், பால் ரோசின் என்னும் இரு உளவியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தமிழில் நமக்கு ஆசை, ஏக்கம், வேட்கை, நாவூறல் என்று பல சொற்கள் இருந்தாலும், குறிப்பிட்ட பண்டத்தின் மேல் எழும் அடக்க முடியாத நாட்டத்துக்கென்று தனியே அமைந்த சொல் கருவுற்ற பெண்களுக்கு மட்டுமே உரியது. இன்று அதை மசக்கை என்கிறோம். சங்கப் பாடல்கள் வயா என்றன. மாங்காயும் புளியும் மண்ணும் சாம்பலும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. சாக்லேட் அந்தப் பட்டியலில் இடம்பிடித்தது மிக அண்மையில்தான்.

சாக்லேட்டில் உண்மையிலேயே மூளையைத் தூண்டும் பொருள்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. ஆனால் அளவைப் பார்க்காமல் பெயரை மட்டும் சொல்லி மிரட்டுவதுதான் வழக்கமாக இருக்கிறது.

முதலாவது காஃபீன். எழுபது விழுக்காட்டுக்கு மேல் கோக்கோ உள்ள கறுப்புச் சாக்லேட் 100 கிராமில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் காஃபீனும், பால் சாக்லேட் 100 கிராமில் ஏறத்தாழ 20 மில்லிகிராமும் உண்டு. 40 கிராம் பால் சாக்லேட் தின்பவருக்குக் கிடைப்பது 8 மில்லிகிராம்தான். காலையில் நாம் குடிக்கும் ஒரு டம்ளர் டிகாக்‌ஷன் காபியில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். இரண்டாவது தியோபுரோமின். இது காஃபீனின் உறவுக்காரப் பொருள், ஆனால் மூளையின் மேல் அதைவிட மிக மென்மையாகவே வேலை செய்வது. கறுப்புச் சாக்லேட் 100 கிராமில் ஏறத்தாழ 800 மில்லிகிராமும் பால் சாக்லேட்டில் 200 மில்லிகிராமும் உண்டு. இவ்விரண்டும் சேர்ந்து சற்றே சுறுசுறுப்பைத் தரும் என்பது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஆகவே சாக்லேட்டுக்கு மருந்தியல் விளைவே கிடையாது என்று சொல்வதும் தவறு.

மூன்றாவது ஃபீனைல்எத்திலமின். ‘காதல் வேதிப்பொருள்’ என்று காதலர் தினக் கட்டுரைகளில் ஆண்டுதோறும் தலைகாட்டும் இது, வாய்வழியே போனால் மூளையை எட்டும் முன்பே நொதிகளால் சிதைக்கப்பட்டுவிடும். சில வகைப் பாலாடைக்கட்டிகளிலும் இது இருக்கிறது. ஆனால் பாலாடைக்கட்டி தின்றதால் காதல் வந்தது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நான்காவது ஆனந்தமைடு. இந்தப் பெயர் நம் காதுக்குப் பழக்கமானதாகத் தோன்றினால் வியப்பில்லை: கஞ்சாவின் கூறுகள் போய் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் அதே மூளை ஏற்பிகளில் வேலை செய்யும் இந்தப் பொருளை 1992இல் எருசலேமில் ரஃபேல் மெக்குலாமின் ஆய்வுக்குழு மூளையிலிருந்து பிரித்தெடுத்தபோது, ‘ஆனந்தம்’ என்ற வடசொல்லிலிருந்தே அதற்குப் பெயர் வைத்தது. 1996இல் டேனியல் பியோமெல்லியின் குழு சாக்லேட்டிலும் அதையும் அதன் உறவுப் பொருள்களையும் கண்டறிந்ததாக அறிவித்தவுடன், சாக்லேட்டும் கஞ்சாவும் ஒன்று என்ற அளவுக்குச் செய்தித் தலைப்புகள் பறந்தன. சாக்லேட்டில் உள்ள அளவோ மிகச் சொற்பம். அதிலும் பெரும்பகுதி மூளைக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே சிதைந்துவிடும்.

இந்தப் பொருள்கள்தான் ஏக்கத்துக்குக் காரணமா என்று யாராவது நேரடியாகச் சோதித்திருக்கிறார்களா?

சோதித்திருக்கிறார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனையும் அதுதான், ஏனென்றால் அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லா மிச்செனரும் பால் ரோசினும் 1994இல் அதை வெளியிட்டார்கள்.

சாக்லேட்டுக்கு அடிக்கடி ஏங்குபவர்களிடம் மூடிய பெட்டிகளைக் கொடுத்து, ஏக்கம் வரும்போது ஒன்றைத் திறந்து அதில் இருப்பதை உட்கொள்ளுமாறும், உட்கொள்ளும் முன்னும் பின்னும் ஏக்கத்தின் அளவைக் குறித்து வைக்குமாறும் சொன்னார்கள். ஒரு பெட்டியில் பால் சாக்லேட் இருந்தது. இன்னொன்றில் வெள்ளைச் சாக்லேட். மற்றொன்றில் கோக்கோ தூள் அடைத்த மாத்திரை உறைகள். அவற்றை மென்று சுவைக்காமல் தண்ணீரோடு விழுங்கிவிட வேண்டும். வேறொன்றில் வெறும் மாவு அடைத்த போலி உறைகள். வெள்ளைச் சாக்லேட்டையும் கோக்கோ உறைகளையும் சேர்த்தே தந்த பெட்டியும் உண்டு. எதையும் உட்கொள்ளாமல் இருக்க வேண்டிய முறையும் உண்டு.

இதன் நயத்தைக் கவனியுங்கள். கோக்கோவின் காஃபீன், தியோபுரோமின் முதலியவை பெரும்பாலும் தூளில்தான் இருக்கின்றன. ஏக்கம் அந்தப் பொருள்களுக்காக எழுவதானால், உறையை விழுங்கியதும் அது தணிய வேண்டும். அவை அநேகமாக இல்லாத வெள்ளைச் சாக்லேட்டால் தணியக் கூடாது.

நடந்ததோ நேர்மாறாக இருந்தது. பால் சாக்லேட் ஏக்கத்தை நன்றாகத் தணித்தது. வெள்ளைச் சாக்லேட் ஓரளவு தணித்தது. கோக்கோ உறைகளால் போலி உறைகளைவிடக் கூடுதலாக எந்தப் பயனும் விளையவில்லை. வெள்ளைச் சாக்லேட்டோடு கோக்கோ உறையைச் சேர்த்து விழுங்கியபோதும், வெள்ளைச் சாக்லேட்டை மட்டும் தின்றதைவிட நிலைமை மேம்படவில்லை. ரத்தத்தில் போய்ச் சேரும் பொருளுக்காக இவர்கள் ஏங்கவில்லை. வாயில் நடக்கும் நிகழ்ச்சிக்காக ஏங்கினார்கள் என்றே இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. புகைப் பழக்கம் உள்ளவருக்கு நிகோட்டின் பட்டை ஒட்டினால் தவிப்பு ஓரளவு அடங்குகிறதே, அதைப் போன்ற ‘சாக்லேட் பட்டை’ ஒன்றை யாரும் செய்து விற்க முடியாது.

அப்படியானால் வாயில் நடக்கும் அந்த நிகழ்ச்சி என்ன?

கோக்கோ வெண்ணெய் ஒரு விந்தையான கொழுப்பு. அது உறையும்போது ஆறு விதமான படிக வடிவங்களை எடுக்கக்கூடும். அவற்றில் ஐந்தாம் வடிவம்தான் நல்ல சாக்லேட்டுக்கு உரியது. பளபளப்பும், உடைக்கும்போது கேட்கும் ‘டக்’ என்ற ஒலியும் அதனால் வருபவை. அந்த வடிவம் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் உருகும். நம் வாயின் வெப்பமோ ஏறத்தாழ 37 டிகிரி. விரலிடையே திடமாக இருந்த ஒன்று நாவில் பட்ட சில நொடிகளில் நீர்மமாகி, தன்னுள் சிறைப்பட்டிருந்த மணங்களையெல்லாம் மூக்கின் பின்வாசல் வழியாக ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடுகிறது. நெய்யும் வெண்ணெயும் இவ்வளவு துல்லியமாக இந்த வேலையைச் செய்வதில்லை.

சித்திரை, வைகாசியில் சென்னைப் பெட்டிக்கடையில் வாங்கிய சாக்லேட்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இதன் மறுபக்கமும் தெரியும். வெளியே 40 டிகிரி வெயிலில் அது ஏற்கெனவே ஒருமுறை உருகி, பிறகு குளிர்பெட்டியில் மறுபடி உறைந்திருக்கும். மேலே சாம்பல் பூத்தாற்போல வெண்மை படர்ந்திருக்கும்; கடித்தால் மணல் கடிபட்டதுபோல நறநறக்கும். அது பூஞ்சை அன்று. கொழுப்பு படிக வடிவம் மாறி மேற்பரப்பில் படிந்ததுதான். உட்பொருள்கள் ஒரு மில்லிகிராம்கூடக் குறையவில்லை. ஆனாலும் அதைத் தின்றவருக்கு ஏமாற்றம் மிஞ்சுகிறது. வேதிப்பொருளுக்காகத்தான் நாம் ஏங்குகிறோம் என்பவர்களுக்கு இந்த ஒரு கட்டியையே எதிர்ச்சான்றாகக் காட்டலாம்.

உருகுவதோடு சேரும் இன்னொன்று கலவை. கொழுப்பும் சர்க்கரையும் ஒன்றாகவும் மிகுதியாகவும் வரும் உணவு இயற்கையில் அரிது. தாய்ப்பாலில்கூட ஏறத்தாழ 7 விழுக்காடு சர்க்கரையும் 4 விழுக்காடு கொழுப்பும்தான். பால் சாக்லேட்டில் எடையில் ஏறத்தாழ பாதி சர்க்கரை, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பு. கொழுப்பு மட்டும் உள்ள உணவும் மாவுச்சத்து மட்டும் உள்ள உணவும் மூளையில் இன்பத்தையும் நாட்டத்தையும் கையாளும் வெகுமதிப் பகுதிகளைத் தூண்டுவதைவிட, இரண்டும் கலந்த உணவு அவற்றைக் கூடுதலாகத் தூண்டுகிறது என்று 2018இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நெய் சொட்டும் மைசூர்பாகின் மேல் நமக்குள்ள பலவீனத்துக்கும் இதே கணக்குப் பொருந்தும் என்பது என் கணிப்பு.

மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது என்கிறார்களே, போதைப் பொருளும் அதைத்தானே செய்கிறது?

டோபமின் எதற்குத்தான் சுரக்கவில்லை? சுவையான சாப்பாடு, நல்ல பாட்டு, எதிர்பாராமல் கிடைத்த பாராட்டு என்று மனிதருக்குப் பிடித்த எல்லாவற்றிலும் டோபமின் வேலை செய்யும் மூளைப் பாதை ஈடுபடுகிறது. டோபமின் சுரப்பதாலேயே ஒரு பொருள் போதைப் பொருளாகிவிடுமானால் பேரனின் சிரிப்பையும் தடைசெய்ய வேண்டியிருக்கும்.

இருந்தாலும் ஒரு நுட்பமான செய்தி இங்கே உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் ‘விரும்புதல்’ வேறு, ‘வேண்டுதல்’ வேறு என்று நீண்டகாலமாக எடுத்துக்காட்டி வருபவர். ஒன்றைச் சுவைக்கும்போது வரும் இன்பமும், அதை எப்படியாவது அடைய வேண்டும் என்ற உந்துதலும் மூளையில் தனித்தனிச் சுற்றுகள். 2012இல் அவருடைய குழு எலிகளின் மூளையில் ஒரு பகுதியை ஓபியத்தைப் போல வேலை செய்யும் ஓபியாய்டு வகைப் பொருளால் தூண்டியபோது, அவை வழக்கத்தைவிட இரு மடங்குக்கும் மேலாகச் சாக்லேட் மிட்டாயைத் தின்று தீர்த்தன; ஆனால் அதை அவை முன்பைவிட அதிகமாக ரசித்ததற்கான அறிகுறி எதுவும் முகத்தில் தெரியவில்லை. நான்காவது, ஐந்தாவது கட்டியை நாம் கிட்டத்தட்டச் சுவை அறியாமலேயே விழுங்குவது ஏன் என்பதற்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது.

2001இல் டேனா ஸ்மாலும் உடனிருந்தவர்களும் மாண்ட்ரியலில் செய்த சோதனையில், சாக்லேட் பிரியர்கள் மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் படுத்தபடி, இனி வேண்டவே வேண்டாம் என்ற நிலையைத் தாண்டியும் சாக்லேட்டைத் தின்ன வேண்டியிருந்தது. அதே சாக்லேட், அதே வாய். ஆனால் இன்பம் திகட்டலாக மாறியபோது மூளையில் வேலை செய்த பகுதிகளும் மாறின. திகட்டுதல் என்ற தடுப்பு சாக்லேட்டுக்கு இருக்கிறது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

உடலில் மெக்னீசியம் குறைந்தால் சாக்லேட் கேட்கும் என்பது உண்மையா?

கோக்கோவில் மெக்னீசியம் நிறையவே இருக்கிறது. பாதாம், முந்திரி, எள், கீரை ஆகியவற்றிலும் நிறைய இருக்கிறது. ஆனால் நள்ளிரவில் முளைக்கீரைக்காக ஏங்கி எழுந்தவர் யாருமில்லை. மெக்னீசியம் மிகுந்த கறுப்புச் சாக்லேட்டைவிட அது குறைந்த பால் சாக்லேட்டையே பலரும் நாடுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த விளக்கம் நிற்காது.

மாதவிடாய்க்கு முன் சாக்லேட் ஏக்கம் கூடுவது ஹார்மோனாலா?

பலருக்கும் இது ஐயத்துக்கு இடமில்லாத உண்மையாகத் தோன்றுகிறது. அமெரிக்காவில் சாக்லேட்டுக்கு ஏங்கும் பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், அந்த ஏக்கம் மாதவிடாயை ஒட்டிய நாட்களில் மிகுவதாகச் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. காரணம் ஹார்மோன்தான் என்பதில்தான் சிக்கல்.

ஹார்மோன் எல்லா நாட்டுப் பெண்களுக்கும் ஒன்றே. ஏக்கமோ நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. டெப்ரா செல்னர் முதலியோர் ஒப்பிட்டபோது, அமெரிக்காவில் ஆண்களைவிடப் பெண்களே சாக்லேட்டுக்கு மிக அதிகமாக ஏங்கினார்கள். ஸ்பெயினில் அந்த வேறுபாடு அவ்வளவாக இல்லை. எகிப்தில் ஆண், பெண் இருபாலரும் இனிப்பைவிட இனிப்பல்லாத சாப்பாட்டு வகைகளுக்கே ஏங்கினார்கள். மாதவிடாய் நின்ற பிறகு இந்த ஏக்கம் பெருமளவு மறைந்துவிட வேண்டும் என்று எதிர்பார்த்து ஹோர்ம்ஸும் ரோசினும் ஆராய்ந்தபோது, குறைவு எதிர்பார்த்ததைவிட மிகச் சிறியதாகவே இருந்தது.

எல்லாவற்றையும்விடத் தெளிவானது ஹோர்ம்ஸ் 2017இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் வாழும் பெண்களில், வெளிநாட்டில் பிறந்து அங்கே குடியேறியவர்களில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினரே மாதவிடாய்ச் சாக்லேட் ஏக்கத்தைக் குறிப்பிட்டார்கள். அமெரிக்காவிலேயே பிறந்த பெற்றோரின் மகள்களில் அது ஏறத்தாழ 33 விழுக்காடு. குடியேறியவர்களின் மகள்களில் ஏறத்தாழ 41 விழுக்காடு. தாயின் உடலமைப்பே மகளுக்கும் வந்திருக்கும், ஊர்தான் மாறியிருக்கிறது. ஒல்லியாக இருந்தாக வேண்டும், சாக்லேட் தின்பது குற்றம், ஆனால் ‘அந்த நாட்களில்’ மட்டும் விதிவிலக்கு என்று ஒரு சமூகம் பேசிக்கொண்டே இருந்தால், அந்த நாட்களில் கை தானாகவே விதிவிலக்கை நோக்கி நீளும்.

நம் ஊரில் அந்த நாட்களுக்கு உளுந்தங்களியும் வெந்தயக்களியும் கிளறிக் கொடுத்த பாட்டிகளிடம் சாக்லேட் ஏக்கம் பற்றிக் கேட்டால் விழிப்பார்கள். அவர்களுடைய பேத்திகள் விழிக்கமாட்டார்கள்.

மனம் சோர்ந்திருக்கும்போது சாக்லேட் உதவுகிறதா?

உதவுகிறது, மூன்று நிமிடம். மிகைப்படுத்திச் சொல்லவில்லை: மிக்கேல் மாக்ட் என்ற ஜெர்மானிய உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளரும் 2007இல் வெளியிட்ட சோதனையில், மனத்தை வருத்தும் படக்காட்சியைப் பார்த்தவர்களுக்குச் சுவையான சாக்லேட் கொடுத்தபோது மனநிலை சற்றே தேறியது, அந்தத் தேறுதல் ஏறத்தாழ மூன்று நிமிடம் நீடித்தது. சுவையற்ற சாக்லேட்டைக் கொடுத்தபோது அந்த அளவுக்கும் தேறவில்லை.

2010இல் கலிஃபோர்னியாவில் ஏறத்தாழ ஆயிரம் பேரை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வில், மனச்சோர்வுக்கான அறிகுறிகள் இல்லாதவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 5.4 பங்கு சாக்லேட்டும், கடுமையான அறிகுறிகள் உள்ளவர்கள் 11.8 பங்கும் உண்பதாகத் தெரிந்தது. சோர்வால் சாக்லேட்டா, சாக்லேட்டால் சோர்வா, இரண்டுக்கும் பொதுவான வேறொரு காரணமா என்பதை இத்தகைய ஒருமுறைக் கணக்கெடுப்பால் சொல்லிவிட முடியாது. மனச்சோர்வுக்குச் சாக்லேட் மருந்து என்று எழுதுபவர்களும், அதுவே காரணம் என்று எழுதுபவர்களும் இதே ஆய்வைத்தான் காட்டுகிறார்கள்.

நேரடியாகச் சொல்லுங்கள்: சாக்லேட் அடிமையாக்குமா?

மது, புகையிலை, ஓபியம் ஆகியவை அடிமையாக்குகின்றன என்று சொல்லும் அதே பொருளில் கேட்டால், இல்லை. அமெரிக்க உளநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், பொருள் சாராத பழக்கங்களில் சூதாட்டத்துக்கு இடம் கிடைத்தது. ‘உணவு அடிமைத்தனம்’ என்ற நோய்க்குக் கிடைக்கவில்லை. சாக்லேட்டை நிறுத்தினால் கை நடுங்குவதில்லை, வியர்த்துக் கொட்டுவதில்லை. பண்டிகை நாட்களில் பெட்டி பெட்டியாகத் தின்றவர்கள் அடுத்த வாரம் எந்த உபாதையும் இல்லாமல் வழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

எனினும் மறுதரப்பில் கேட்க வேண்டிய பேச்சு இருக்கிறது. ஆஷ்லி கியர்ஹார்ட் முதலியோர் 2009இல் யேல் பல்கலைக்கழகத்தில், போதைப் பழக்கத்தின் அளவுகோல்களை உணவுக்குப் பொருத்தி ஒரு வினாப்பட்டியலை உருவாக்கினார்கள்: நினைத்ததைவிட அதிகம் உண்கிறீர்களா, குறைக்க முயன்று தோற்கிறீர்களா, கேடு என்று தெரிந்தும் தொடர்கிறீர்களா என்பவை போன்ற கேள்விகள். எந்த உணவில் இந்தச் சிக்கல் மிகுதி என்று 2015இல் அதே பாணியில் கேட்டபோது சாக்லேட், ஐஸ்கிரீம், பீட்சா, உருளைக்கிழங்கு வறுவல் ஆகியவை முன்னணியில் வந்தன. இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று புரியும். பீட்சாவில் கோக்கோ கிடையாது. சாக்லேட்டையும் பீட்சாவையும் சேர்க்கும் கண்ணி கொழுப்பும், விரைவில் ரத்தத்தில் சேரும் மாவுச்சத்தும், ஆலையில் பதப்படுத்திய தன்மையும்தான். ஆகவே அடிமைத்தனம் என்ற கோட்பாட்டை ஏற்பவர்கள்கூடக் கோக்கோவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

பிரிட்டனில் பணியாற்றிய உளவியலாளர்களான பீட்டர் ரோஜர்ஸும் ஹெண்ட்ரிக் ஸ்மிட்டும் 2000ஆம் ஆண்டில் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார்கள். சாக்லேட் இனிமையானது, ஆனால் அளவோடுதான் தின்ன வேண்டும் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. தின்ன வேண்டும் என்பதும் கூடாது என்பதும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது, சாதாரண விருப்பம்கூட மனத்தில் பெரிதாகி ‘ஏக்கம்’ என்ற பெயரைப் பெறுகிறது. கட்டுப்பாடு தவறும்போது, ‘நான் அடிமை’ என்பது கைக்கெட்டும் சமாதானமாகிறது. இட்லியை நாம் ஒவ்வொரு நாளும் தின்கிறோம். இட்லிக்கு அடிமை என்று யாரும் தம்மைச் சொல்லிக்கொள்வதில்லை. எனக்கு இந்த விளக்கமே மற்றவற்றைவிட நெருக்கமாகப் படுகிறது, தாளைக் குப்பைத் தொட்டியின் அடியில் ஒளிக்கும் கையை வேறு எந்த விளக்கமும் இவ்வளவு நன்றாகப் புரியவைக்கவில்லை.

இந்தக் கதை பழையது. மெக்சிகோவின் சியாப்பாஸ் பகுதியில் தங்கியிருந்த தாமஸ் கேஜ் என்ற ஆங்கிலத் துறவி 1648இல் வெளியிட்ட பயண நூலில், அங்குள்ள சீமாட்டிகள் தேவாலயப் பூசை நடக்கும்போதே பணிப்பெண்களைக் கொண்டு சூடான சாக்லேட் பானத்தை வரவழைத்துக் குடித்ததையும், ஆயர் அதைத் தடைசெய்ததையும், அவர்கள் அந்தத் தேவாலயத்துக்குப் போவதையே விட்டுவிட்டு வேறு கோயில்களுக்குச் சென்றதையும், பிறகு ஆயர் நோயுற்று இறந்தபோது நஞ்சு கலந்த சாக்லேட்டே காரணம் என்று ஊர் பேசியதையும் எழுதியிருக்கிறார். ஊர்ப்பேச்சு உண்மையோ பொய்யோ, தடை அவர்களுடைய விருப்பத்தைத் துளியும் குறைக்கவில்லை.

அப்படியென்றால் ‘தொடவே கூடாது’ என்று கட்டுப்படுத்துவது பயன்படாதா?

நினைப்பைக்கூட அடக்க முயல்வது பெரும்பாலும் எதிர்மாறாகவே முடிகிறது. ஜேம்ஸ் எர்ஸ்கின் 2008இல் வெளியிட்ட சோதனையில், சாக்லேட்டைப் பற்றி எண்ணாதிருக்குமாறு பணிக்கப்பட்ட பெண்கள், அப்படிப் பணிக்கப்படாதவர்களைவிடப் பின்னர் அதிகமாகச் சாக்லேட்டைத் தின்றார்கள். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொன்ன கதைதான்.

குழந்தைகளிடமும் இதைக் காணலாம். 1999இல் ஜெனிஃபர் ஃபிஷரும் லியான் பர்ச்சும், கண்ணெதிரே வைத்துக்கொண்டு எடுக்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட தின்பண்டத்தின் மேல் குழந்தைகளின் கவனமும் பேச்சும் கூடுவதைக் கண்டார்கள். ‘முழுத்தட்டுச் சோறும் சாப்பிட்டால் சாக்லேட்’ என்று பேரம் பேசும் பெற்றோர், சோற்றைத் தண்டனையாகவும் சாக்லேட்டைப் பரிசாகவும் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். வீட்டில் வாங்கி வைக்காமல் இருப்பது வேறு. வாங்கி வைத்துக் காவல் காப்பது வேறு. முதலாவதில் பெரிய தீங்கு இல்லை.

ஏக்கம் வந்துவிட்டால் என்ன செய்யலாம்?

ஏக்கம் பெரும்பாலும் ஒரு காட்சியாகத்தான் மனத்தில் வளர்கிறது: அந்த உறை, அந்தப் பளபளப்பு, வாயில் கரையும் அந்த நொடி. அதே மனத்திரைக்கு வேறு வேலை கொடுத்தால் படம் மங்கிவிடும். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் ஜாக்கி ஆண்ட்ரேட் முதலியோர், களிமண்போன்ற பொருளால் உருவங்களைப் பிசையச் சொன்னபோது சாக்லேட் ஏக்கம் குறைந்ததைக் காட்டினார்கள். கோலம் போடுவதோ சப்பாத்தி மாவு பிசைவதோ இதே வேலையைச் செய்யாது என்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில், 15 நிமிடம் விறுவிறுவென்று நடந்துவிட்டு வந்து மேசையில் வேலைபார்த்தவர்கள், நடக்காமல் அமர்ந்திருந்தவர்களில் பாதியளவு சாக்லேட்டையே தின்றார்கள்: ஏறத்தாழ 28 கிராமுக்குப் பதிலாக 15 கிராம்.

நீண்டகால உத்தியாக எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது 1999இல் இலண்டனில் கிப்சன், டெஸ்மண்ட் என்னும் இரு ஆய்வாளர்கள் செய்தது. ஒரு குழுவினர் இரண்டு வாரம் பசியோடு இருக்கும்போது மட்டும் சாக்லேட் தின்றார்கள். மற்றொரு குழுவினர் சாப்பிட்டு முடித்து வயிறு நிறைந்திருக்கும்போது மட்டும் தின்றார்கள். பசியில் தின்றவர்களுக்கு ஏக்கம் கூடியது, நிறைந்த வயிற்றில் தின்றவர்களுக்குக் குறைந்தது. பசி தணியும் இன்பத்தையும் சாக்லேட்டின் சுவையையும் மூளை முடிச்சுப் போட்டுவிடுகிறது. அந்த முடிச்சு விழாமல் பார்த்துக்கொள்வதுதான் சூட்சுமம். மாலை நான்கு மணிக்கு அலுவலகத்தில் வெறும் வயிற்றில் தின்பதைவிட, மதியச் சாப்பாட்டுக்குப் பின் பாயசத்தைப்போல இரண்டு கட்டி தின்பது மேல்.

கறுப்புச் சாக்லேட்டுக்கு மாறினால் போதுமா?

சர்க்கரை குறையும், கசப்பினால் பலரும் குறைவாகவே தின்பார்கள். கொழுப்பும் கலோரியும் குறையாது. ஒரு நாள் ஆற்றலில் சேர்க்கும் சர்க்கரையின் பங்கு பத்து விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், ஐந்துக்குக் கீழே, அதாவது ஏறத்தாழ 25 கிராமுக்குள், இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டுப் பரிந்துரை. 50 கிராம் பால் சாக்லேட் ஒன்றே அந்த 25 கிராமைத் தீர்த்துவிடும். நீரிழிவு உள்ளவர்கள் ‘சர்க்கரை சேர்க்காதது’ என்ற எழுத்தை நம்பி முழுக்கட்டியையும் தின்னாமல், உறையின் பின்பக்கத்தில் மாவுச்சத்து அளவைப் படித்துப் பார்க்க வேண்டும்.

சாக்லேட் தின்றால் ஒற்றைத் தலைவலி வருகிறதே?

வரிசை தலைகீழாக இருக்கலாம். ஒற்றைத் தலைவலி தொடங்குவதற்குப் பல மணி நேரத்துக்கு முன்பே கொட்டாவி, எரிச்சல், இனிப்பின் மேல் நாட்டம் ஆகிய முன்னறிகுறிகள் சிலருக்கு வரும். வரப்போகும் வலியே சாக்லேட்டைக் கேட்க வைத்திருக்க, பழி சாக்லேட்டின் மேல் விழுந்துவிடுகிறது.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

இரவில் ஒரு கட்டி கூடிவிட்டதற்காக யாரும் போக வேண்டியதில்லை. ஆனால் குறுகிய நேரத்தில், மற்றவர்கள் உண்ணக்கூடியதைவிட மிக அதிகமான உணவை, நிறுத்த முடியாது என்ற உணர்வோடு, தனியே ஒளிந்து, வயிறு வலிக்கும்வரை உண்பதும், பிறகு தம்மீதே அருவருப்புக் கொள்வதும் வாரத்துக்கு ஒருமுறையாவது மூன்று மாத காலம் தொடர்ந்தால், அது மேலே சொன்ன கையேட்டில் முறையாக இடம்பெற்றிருக்கும் மிகையுண்ணல் கோளாறு. உண்டதை வாந்தியெடுத்து வெளியேற்றும் பழக்கமும் சேர்ந்திருந்தால் அது வேறொரு கோளாறு, இன்னும் அவசரமானது. இரண்டுக்கும் பேச்சுவழிச் சிகிச்சை உண்டு, அதில் குணமடைந்தவர்களும் உண்டு. மருத்துவரிடம் போகும்போது சாக்லேட்டைப் பற்றி மட்டும் சொல்லாமல், நாள் முழுவதும் எப்போது எதைச் சாப்பிட்டீர்கள், எந்த வேளையைத் தவிர்த்தீர்கள் என்பதையும் ஒரு வாரத்துக்கு எழுதி எடுத்துச் செல்லுங்கள். இரவின் அந்தப் பெருந்தீனிக்கான தொடக்கம், பலருடைய தாளிலும், காலையில் ‘டயட்’ என்று தவிர்த்த நான்கு இட்லியில் இருக்கும்.